இராமநாதபுரம் கடற்கரையில் வெள்ளை ஸ்லிப்பர் ஆர்க்கிட்: நிவியம் வளர்ப்பு முறை

பாஃபியோபெடிலம் நிவியம் என்ற வெள்ளை ஸ்லிப்பர் ஆர்க்கிட்டை மண்டபத்திலோ கீழக்கரையிலோ தொண்டியிலோ வளர்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எவ்வளவு வெயில் தாங்கும் என்றுதான். அதற்கு முன் கேட்க வேண்டியது, வீட்டில் எவ்வளவு மழைத்தண்ணீர் சேர்த்துவைக்க முடியும் என்பது. வெயிலை நிழல்வலை பார்த்துக்கொள்ளும். உப்புத்தண்ணீருக்கு அப்படி ஒரு மறைப்பு கிடையாது.

இந்த இனத்தின் சொந்த ஊர் மலேசியாவின் லங்காவித் தீவும், அதை ஒட்டிய தெற்குத் தாய்லாந்துப் பகுதிகளும். கடலோரச் சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் தங்கும் மக்கிய சருகில் வேர்விட்டு வளர்கிறது. மலையுச்சிச் செடி இல்லை, கடல்மட்டத்துக்குப் பக்கத்திலேயே இருப்பது. அங்கே வருடம் முழுக்கப் பகல் 32 டிகிரி, இரவு 24 டிகிரி அளவில்தான் இருக்கும். ஆகவே நம் கடற்கரையின் சூடும் ஈரக்காற்றும் இதற்குப் புதிதல்ல. வித்தியாசம் மழையில் இருக்கிறது. லங்காவியில் வருடத்துக்கு 2000 மி.மீ.க்கு மேல் பெய்து வேரில் படிந்த உப்பை அடிக்கடி கழுவிவிடும். இங்கே பெய்வது அதில் பாதிகூட இருக்காது, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். மிச்ச மாதங்களில் கிணறும் போரும் தருவது உப்புத்தண்ணீர்தான். அந்த வித்தியாசத்தை நாம் கையால் ஈடுகட்ட வேண்டும். இந்தச் செடி வளர்ப்பில் பாதி வேலை இதுதான்.

ஸ்லிப்பர் ஆர்க்கிட்டில் வேறு எந்த இனம் இங்கே வரும் என்று கேட்டால், தெற்குத் தாய்லாந்துக் கடற்கரையைச் சேர்ந்த எக்ஸுலும், பிலிப்பைன்ஸைச் சேர்ந்த பிலிப்பினென்ஸேவும் வரும். இரண்டும் தாழ்நிலத்துச் சுண்ணாம்புப் பாறைச் செடிகள்தான். பிலிப்பினென்ஸேவுக்கு வெளிச்சமும் தொட்டியும் கொஞ்சம் பெரிதாக வேண்டும். மற்றபடி கீழே சொல்லும் முறையே போதும். வடகிழக்கு மலைகளைச் சேர்ந்த இன்சிக்னே, வில்லோசம் போன்றவற்றை மலைப்பகுதியில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவராதீர்கள். அவற்றுக்குக் குளிர்ந்த இரவு வேண்டும். நம் இரவின் 27 டிகிரியில் பூக்காமலே தேய்ந்துபோகும். அகத்தியமலையில் மட்டுமே இயற்கையாக வளரும் நம் தென்னாட்டு இனமான ட்ரூரியையும் இங்கே வளர்க்க முடியாது. காட்டில் அழிவின் விளிம்பில் நிற்கும் செடி அது. யாராவது விற்க வந்தால் வாங்கவே கூடாது.

சட்டமும் செடியும்

பாஃபியோபெடிலம் பேரினம் முழுவதும், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதை 'குறிப்பிடப்பட்ட தாவரம்' (specified plant) என்ற வகையில் பட்டியலிட்டிருக்கிறது. அச்சட்டத்தின் 17சி பிரிவின்படி இவ்வகைத் தாவரத்தை வளர்க்க உரிமம் வேண்டும். ஆகவே செடி வாங்குவதற்கு முன் மாவட்ட வன அலுவலகத்தில் நடைமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். திசு வளர்ப்பிலோ விதைக் குடுவையிலோ உருவான செடியை, உரிமம் பெற்ற நர்சரியில், ரசீதோடு வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து பையில் போட்டுக் கொண்டுவருவது குற்றம்.

காட்டில் பிடுங்கிய செடியைக் கண்ணாலேயே அடையாளம் காணலாம். இலைகள் ஒழுங்கில்லாமல் இருக்கும். பழைய இலையில் பூச்சி கடித்த தழும்பும் பாசிப் படலமும் தெரியும். வேர்கள் மழுங்க வெட்டப்பட்டிருக்கும். நர்சரியில் வளர்ந்த செடியில் இலைகள் ஒரே அளவில், சுத்தமாக, விசிறியாக நிற்கும். இலையின் மேற்புறம் கரும்பச்சையும் சாம்பலும் கலந்த திட்டுகள், அடிப்புறம் ஊதா. புதிதாகத் தொடங்குபவர் சின்னக் கன்று வாங்க வேண்டாம். அது பூக்கச் சில வருடம் ஆகும், அதுவரை எளிதில் அழுகும். இரண்டு பக்கத்து இலைநுனிகளுக்கும் இடையே 12 முதல் 15 செ.மீ. அகலம் உள்ள, ஒரு பக்கக்கன்றாவது விட்ட செடியாகப் பார்த்து வாங்குங்கள்.

தண்ணீர்

முதலில் ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்குங்கள், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைப் பிபிஎம் கணக்கில் காட்டும் கருவி அது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பேனா அளவுக் கருவி போதும். செடிக்கு ஊற்றும் தண்ணீர் உரம் கலப்பதற்கு முன் 100க்குக் கீழே இருக்க வேண்டும், 50க்குக் கீழே என்றால் நிம்மதி. கடலோரப் போர்த் தண்ணீரில் மீட்டர் ஆயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். காவிரிக் கூட்டுக் குடிநீர் அதைவிட எவ்வளவோ மேல், ஆனாலும் இந்தச் செடிக்குத் தொடர்ந்து ஊற்றும் அளவுக்கு இல்லை. அவசரத்துக்கு ஒருமுறை ஊற்றலாம்.

கொதிக்கவைத்து ஆறவைத்தால் உப்பு போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். தண்ணீர்தான் ஆவியாகிறது, உப்பு அப்படியே தங்கிச் செறிவு கூடுகிறது. வாட்டர் சாஃப்ட்னர் வழியாக வரும் தண்ணீர் இன்னும் மோசம். அது சுண்ணாம்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தைப் போடுகிறது. செடிக்கு வேண்டியது சுண்ணாம்பு, வேண்டாதது சோடியம்.

எவ்வளவு மழைநீர் வேண்டும்? 4 அங்குலத் தொட்டிகள் பத்து என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறை நீர்விட தொட்டிக்கு 300 மி.லி., மொத்தம் 3 லிட்டர். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை என்றால் மாதம் 35 லிட்டர் வரும். மாதம் ஒருமுறை உப்பைக் கழுவ தொட்டிக்கு ஒன்றரை லிட்டர், அது 15 லிட்டர். ஆக மாதம் 50 லிட்டர். தை முதல் புரட்டாசி வரை ஒன்பது மாதத்துக்கு 450 லிட்டர். ஒரு 500 லிட்டர் கறுப்புத் தொட்டி போதும். ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். சிந்துவதும் வழிவதும் போக 10 சதுர மீட்டர் ஓட்டுக்கூரையில் 65 மி.மீ. மழை கிடைத்தால் தொட்டி நிறைந்துவிடும். ஐப்பசியில் நல்ல மழை இரண்டு மூன்று பிடித்தாலே போதுமானது.

ஆனால் முதல் மழையைப் பிடிக்காதீர்கள். கோடை முழுக்கக் கூரைமேல் கடல்காற்றின் உப்பும் தூசியும் படிந்திருக்கும். முதல் நாள் மழை அதைக் கழுவட்டும். அடுத்த மழைகளிலும் முதல் இருபது நிமிடத் தண்ணீரைத் தரையில் விட்டுவிட்டு, குழாய்முனையில் ஒரு டம்ளர் பிடித்து அளந்து பாருங்கள். 30க்குக் கீழே இறங்கியதும் தொட்டிக்குத் திருப்புங்கள். சுண்ணாம்பு அடித்த மொட்டைமாடித் தண்ணீர் வேண்டாம், அதன் காரத்தன்மை மிகக் கூடுதல். தொட்டியை நிழலில் வைத்து மூடியையும் குழாய்வாயையும் கொசுவலையால் கட்டுங்கள். தேங்கிய மழைநீர்தான் டெங்குக் கொசுவுக்கு விருப்பமான இடம். அதற்காகப் பிளீச்சிங் பவுடரை உள்ளே போட்டுவிடாதீர்கள்.

மழைநீர் தீர்ந்துபோனால் ஆர்.ஓ. தண்ணீர் நல்ல மாற்று. 20 லிட்டர் கேனை வாங்கியதும் அளந்து பாருங்கள், கடைக்குக் கடை வித்தியாசம் உண்டு. ஏ.சி. பெட்டியிலிருந்து சொட்டும் தண்ணீரில் டிடிஎஸ் குறைவுதான். ஆனால் அது உலோகக் குழாய்களின் மேல் படிந்து வருவது, தூசியும் சேரும். தனியாகத் தொடர்ந்து ஊற்றாமல் மழைநீரோடு பாதிக்குப் பாதி கலந்து கொடுங்கள்.

கலவையும் கிளிஞ்சலும்

இந்தச் செடி மண்ணில் வளராது. பத்து டம்ளர் கலவைக்கு: 8 முதல் 12 மி.மீ. அளவுள்ள பைன் பட்டைத் துண்டு 4, அதே அளவில் உடைத்த மரக்கரி 2, பெர்லைட் (சூட்டில் பொரித்த வெள்ளை எரிமலைக் கல்) 2, தேங்காய்மட்டைத் துண்டு 1, உடைத்த கிளிஞ்சல் 1. பெர்லைட் கிடைக்காவிட்டால் நன்றாகக் கழுவிய செங்கல் ஜல்லியைப் போடலாம். தொட்டி கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான்.

கரிக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமே இல்லை. சீமைக்கருவேலங்கரி கெட்டியானது, சீக்கிரம் நொறுங்காது. ஆனால் கரிமூட்டத்தைப் பிரிக்கும்போது சிலர் உப்புத்தண்ணீர் தெளித்து அணைப்பார்கள். ஆகவே கரியை உடைத்து, சலித்து, ஒருநாள் மழைநீரில் ஊறவைத்து அந்த ஊறலை அளந்து பாருங்கள். 100க்கு மேல் காட்டினால் தண்ணீரை மாற்றி மறுபடி ஊறவையுங்கள். கரி நாளாக ஆக உப்பைத் தன்னுள் பிடித்துவைத்துக்கொள்ளும், ஆகவே சொன்ன அளவுக்கு மேல் சேர்க்க வேண்டாம்.

தேங்காய்மட்டையிலும் இதே கதைதான். கடலோரத்தில் மட்டையை உவர்நீரில் ஊறப்போடுவது வழக்கம். துண்டுகளை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 24 மணிநேரம், நல்ல தண்ணீரில் ஊறவைத்து வடியுங்கள். பிறகு லிட்டருக்கு 5 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த நீரில் ஓர் இரவு போட்டு எடுத்து அலசுங்கள். மட்டைநாரில் ஒட்டியிருக்கும் சோடியத்தைக் கால்சியம் வெளியே தள்ளும். வெறும் தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் அது முழுக்க வராது. இவ்வளவு வேலைக்கு நேரமில்லை என்றால் மட்டையை விட்டுவிட்டுப் பட்டையை 5 டம்ளராக்குங்கள்.

கிளிஞ்சல் எதற்கு? சுண்ணாம்புப் பாறையில் வளரும் செடிக்குக் கால்சியம் தேவை, மழைநீரில் அது அநேகமாக இல்லை. தவிர, பட்டை மக்க மக்கக் கலவை புளிக்கும். கிளிஞ்சல் மெதுவாகக் கரைந்து அந்தப் புளிப்பை ஆற்றும். கோழித்தீவனக் கடையில் உடைத்த கிளிஞ்சலாகவே வாங்கலாம். ஒரு வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, தினமும் கிளறி நீரை மாற்றி ஒரு வாரம் வையுங்கள். முதல் இரண்டு நாள் தண்ணீர் பால்போல் கலங்கும், மீன்வாடை அடிக்கும். கடைசி நாள் ஊறலின் டிடிஎஸ், ஊற்றிய தண்ணீரைவிட 50க்கு மேல் கூடியிருக்கக் கூடாது. பிறகு பத்து நிமிடம் கொதிக்கவைத்து, வெயிலில் காயவைத்து, பெரிதாக இருப்பவற்றைச் சாக்குத் துணியில் கட்டிச் சுத்தியலால் தட்டி 3 முதல் 5 மி.மீ. துண்டுகளாக உடையுங்கள். சலித்து மாவைக் கொட்டிவிடுங்கள். மாவு கலந்தால் கலவையின் இடுக்குகள் அடைத்து வேருக்குக் காற்று போகாது.

வெற்றிலைக்குப் போடும் சுட்ட சுண்ணாம்பை ஒருபோதும் போடக் கூடாது. அதன் காரம் ஒரே நாளில் வேரைப் பொசுக்கிவிடும். கடற்கரையில் ஒதுங்கும் பவளத்துண்டுகளையும் எடுக்காதீர்கள். 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகள் நம் கரையை ஒட்டியே இருக்கின்றன. பவளப்பாறை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பொறுக்கி எடுப்பதும் குற்றம்தான். செடிக்கும் கிளிஞ்சலே போதும்.

தொட்டி 3.5 அல்லது 4 அங்குலம், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். பெரிய தொட்டியில் நடுப்பகுதி காயாது, அழுகல் அங்கேதான் தொடங்கும். பக்கவாட்டில் சூட்டுக்கம்பியால் ஆறேழு துளை கூடுதலாகப் போடுங்கள். மண்தொட்டி குளிர்ச்சிதான், ஆனால் சுவரில் உப்பு பூத்து அதைத் தொடும் வேர்நுனி கருகும். சித்திரை, வைகாசி உச்ச வெயிலில் மட்டும், பிளாஸ்டிக் தொட்டியை 6 அங்குல மண்தொட்டிக்குள் இறக்கி வெளித்தொட்டியை நனைத்துவைக்கலாம். வேர்ப்பகுதியின் சூடு கொஞ்சம் தணியும்.

இடம், வெளிச்சம், காற்று

இதற்கு வேண்டிய வெளிச்சம் 10,000 முதல் 15,000 லக்ஸ். உச்சிவெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். 75 சதவீத நிழல்வலைக்கு ஓர் அடி கீழே 50 சதவீத வலை இன்னொன்று கட்டினால் கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்குதான் உள்ளே வரும், அதாவது 12,500. கணக்கு சரியாகிவிடும். இரண்டு வலைக்கும் இடைவெளி விடுங்கள், ஒட்டிக் கட்டினால் வெக்கை இறங்கிவிடும். காலை ஒன்பது மணிவரை மட்டும் வெயில் படும் கிழக்குத் தாழ்வாரம் என்றால் வலையே வேண்டாம். இலையைப் பார்த்தே மிச்சத்தைத் திருத்தலாம். திட்டுகள் வெளிறி மஞ்சள் தட்டினால் வெளிச்சம் கூடுதல். இலை நீண்டு, கருத்து, தொய்ந்தால் குறைவு.

வைகாசி முதல் ஆவணிவரை தரைப்பக்கமிருந்து அடிக்கும் கச்சான் காற்று வறண்டது. அந்தக் காலத்தில் மறைப்பு இல்லாவிட்டால் தொட்டி ஒரே நாளில் காயும், மொட்டு கருகும், செஞ்சிலந்தி ஏறும். மேற்கிலும் தென்மேற்கிலும் பனையோலைத் தட்டி கட்டுங்கள். முழுக்க அடைக்காமல் கீழே ஓர் அடி திறந்துவிடுங்கள், காற்று ஊர்ந்து வர வேண்டும். தட்டிக்கு உள்ளே தரையில் மணலோ செங்கல் ஜல்லியோ பரப்பி, காலை பதினொன்றுக்கும் பிற்பகல் இரண்டுக்கும் நனையுங்கள். இதற்கு மழைநீரைச் செலவழிக்க வேண்டாம், போர்த் தண்ணீரே போதும். நீர் ஆவியாகும், உப்பு தரையிலேயே தங்கிவிடும். இலைமேல் தெறிக்காமல் மட்டும் பாருங்கள். அதே உப்புநீரை மூடுபனிபோல் நீர் தெளிக்கும் கருவியில் விட்டால் இலை முழுக்க உப்பு படியும். அதைச் செய்யவே கூடாது.

வாடைக்காலத்தில் சிக்கல் தலைகீழ். ஈரம் நிறைந்து காற்று அசையாத இரவுகளில் அழுகல் பரவும். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் 12 வோல்ட் சின்ன ஃபேன் ஒன்றை இரவு முழுக்கச் செடிமேல் நேராகப் படாமல் ஓடவிடுங்கள். மின்சாரம் நின்றாலும் பேட்டரியில் ஓடும்.

கடலிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால், காற்று பலமாக அடித்த மறுநாள் ஈரப்பஞ்சால் இலையைத் துடைத்து அந்தப் பஞ்சை ஒரு டம்ளர் மழைநீரில் பிழிந்து அளந்து பாருங்கள். டிடிஎஸ் தெளிவாக ஏறினால் கடற்சாரல் செடிவரை வருகிறது என்று அர்த்தம். வீட்டின் மறுபக்கம் மாற்றுவதே வழி.

நீர்விடும் முறை

டென்ட்ரோபியம் என்ற ஆர்க்கிட்போல நீரைச் சேர்த்துவைக்கும் தடித்த தண்டு இதற்குக் கிடையாது. முழுக்கக் காய்ந்தால் வேர் சாகும், சொதசொதவென்று இருந்தாலும் சாகும். ஒரு மூங்கில் குச்சியைத் தொட்டியின் பாதி ஆழம்வரை செருகி, பத்து நிமிடம் கழித்து எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று ஈரம் தெரிந்தால் இன்று வேண்டாம். லேசான குளிர்ச்சி மட்டும் என்றால் ஊற்றுங்கள். கச்சான் காலத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறையும், தை, மாசியில் நான்கு நாளுக்கு ஒருமுறையும், அடைமழையில் வாரத்துக்கு ஒருமுறையும் வரும். நாட்காட்டியைவிடக் குச்சியை நம்புங்கள்.

காலை எட்டு மணிக்குள் ஊற்றி முடித்துவிடுங்கள். நீண்ட மூக்குள்ள பூவாளியால் தொட்டி விளிம்பை ஒட்டி, அடியில் வழியும்வரை ஊற்றுங்கள். குருத்துக்குள் தண்ணீர் விழுந்தால் டிஷ்யூ காகிதத்தைத் திரியாக முறுக்கி உடனே உறிஞ்சி எடுங்கள். நிவியத்தின் இலைகள் நெருக்கமாக அடுக்கியிருப்பதால் நடுவில் நின்ற சொட்டு மாலைவரை காயாது. எல்லாத் தொட்டிகளையும் ஒரே பாத்திரத்தில் முக்கி எடுக்கும் பழக்கம் வேண்டாம். ஒரு செடியின் நோய் எல்லாவற்றுக்கும் போகும்.

மாதம் ஒருமுறை வேர்ப்பகுதியின் உப்பை அளந்து பாருங்கள். வழக்கம்போல மழைநீர் ஊற்றி அரைமணி நேரம் விடுங்கள். பிறகு தொட்டியை ஒரு தட்டின்மேல் வைத்து மேலே இன்னும் 50 மி.லி. ஊற்றுங்கள். புதுநீர் இறங்கி, உள்ளே நின்ற பழைய நீரைக் கீழே தள்ளும். தட்டில் சேர்ந்ததை அளந்தால் வேரைச் சுற்றி இருக்கும் உப்பு ஏறத்தாழத் தெரிந்துவிடும். 500ஐத் தாண்டினால் அன்றே ஒன்றரை லிட்டர் மழைநீரை மூன்று தவணையாக, பத்து நிமிட இடைவெளியில் ஊற்றிக் கழுவுங்கள். அடுத்த இரண்டு வாரம் உரம் வேண்டாம். கழுவியும் எண் இறங்கவில்லை என்றால் கலவை மக்கிவிட்டது, மாற்றும் நேரம் வந்துவிட்டது.

உரம் மிகக் குறைவாக. 20:20:20 உரம் லிட்டருக்கு 0.3 கிராம், அதாவது தட்டையாக வழித்த ஒரு தேக்கரண்டி 15 லிட்டருக்கு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். ஒரு தவணை விட்டு ஒரு தவணை அதற்குப் பதிலாகக் கால்சியம் நைட்ரேட்டை அதே அளவில் கொடுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கரைக்காதீர்கள், வெண்படிவாக அடியில் தங்கி இரண்டும் வீணாகும். அடைமழை மாதங்களில் உரத்தை நிறுத்திவிடலாம். சாணம், பஞ்சகவ்யம், மீன் அமிலம் எல்லாம் மற்றச் செடிகளுக்கு நல்லவை. இங்கே கலவையின் இடுக்கை அடைத்து அழுகலை வரவழைக்கும்.

தொட்டி மாற்றுதல்

நம் சூட்டில் பட்டை சீக்கிரம் மக்கும். 12 முதல் 18 மாதத்துக்குள் மாற்றிவிடுங்கள். தை, மாசிதான் ஏற்ற காலம், மழை ஓய்ந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. செடியில் மொட்டு இருந்தால் பூ முடியும்வரை பொறுங்கள்.

முதல்நாள் நீர்விட்டுவையுங்கள், ஈர வேர் வளையும், காய்ந்தது ஒடியும். தொட்டியைப் பிசைந்து செடியை எடுத்துப் பழைய கலவையை உதிருங்கள். வேர்களைப் பார்த்ததும் பயந்துவிடாதீர்கள். இந்த இனத்தில் நல்ல வேரும் பழுப்பாகத்தான் இருக்கும், மேலெல்லாம் வெல்வெட்போல மெல்லிய ரோமம் படர்ந்திருக்கும். எண்ணிக்கையும் குறைவு. பெரிய செடிக்கே ஆறேழு வேர்தான். நிறத்தை வைத்து வெட்டினால் உயிருள்ள வேரை வெட்டிவிடுவோம். விரலால் மெதுவாக அழுத்துங்கள். விறைப்பாக இருந்தால் உயிர் உண்டு. மேல்தோல் உருவிக்கொண்டு நடுவில் நூல் மட்டும் நின்றால் செத்தது, அதை மட்டும் வெட்டுங்கள். வளரும் வேரின் நுனி வெளிறிய மஞ்சளாக இருக்கும், அங்கே கை படக் கூடாது. கத்தரியை ஒவ்வொரு செடிக்கும் நடுவே தீயில் காட்டுங்கள்.

தொட்டியின் அடியில் துளை அடையாதபடி பெரிய கரித்துண்டு ஓர் அடுக்கு போட்டு, செடியைப் பிடித்துக்கொண்டு கலவையைச் சுற்றிலும் கொட்டித் தட்டி இறக்குங்கள். இலையடி கலவை மட்டத்துக்கு 1 செ.மீ. கீழே இருக்க வேண்டும். புதுவேர் இலையடியிலிருந்துதான் வரும், அது காற்றில் நின்றால் கலவையைத் தொடுமுன் காய்ந்துவிடும். அதற்காக ஆழமாகப் புதைத்தால் குருத்து அழுகும். செடி ஆடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். ஆடும் செடியில் வேர்நுனி உரசி உரசித் தேயும், தேவையென்றால் குச்சி நட்டுக் கட்டுங்கள். மூன்று நாள் கழித்து முதல் நீர். ஒரு மாதம் உரம் கிடையாது.

என்ன கெடும், ஏன்

இலையில் பழுப்பு தெரிந்ததும் மருந்துக்கடைக்கு ஓடுவதற்கு முன் தொட்டுப் பாருங்கள். வெளுத்து, காகிதமாய்க் காய்ந்து, வெயில் படும் பக்கத்தில் மட்டும் இருந்து, நாளானாலும் பெரிதாகாமல் நின்றால் வெயில் சுட்டது. வயதான இலைகளின் நுனி பழுத்து, மஞ்சள் கோடு எல்லைகட்டி நின்றால் உப்பு. நீர்கோத்து, கண்ணாடிபோல் பளபளத்து, மெதுமெதுவென்று இருந்து, மாலைக்குள் பெரிதானால் பாக்டீரியா அழுகல். நாற்றமும் அடிக்கும். முதல் இரண்டுக்கும் மருந்தே வேண்டாம், காரணத்தை நீக்கினால் போதும்.

மூன்றாவதுக்கு ஒரு மணிநேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. செடியைத் தனியே எடுங்கள். தீயில் காட்டிய பிளேடால், கெட்ட இடத்திலிருந்து 1 செ.மீ. உள்ளே நல்ல திசுவில் வெட்டுங்கள். வெட்டுவாயில் சமையலுக்குப் போடும் லவங்கப்பட்டைத் தூள் தடவுங்கள். அது ஈரத்தை இழுக்கும், ஆகவே வேரில் சிந்தக் கூடாது. மற்ற இலைகளுக்குக் காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2 கிராம் ஒருமுறை தெளித்து, இலை காயும்வரை ஃபேன் முன் வையுங்கள். மொட்டில் படவேண்டாம். ஒரு வாரம் நீர்விடாதீர்கள். குருத்தே அழுகிப்போனாலும் செடியைத் தூக்கி எறியாதீர்கள். அடித்தண்டு கெட்டியாக இருந்தால் நிழலில், லேசான ஈரத்தில் வைத்தால் சில மாதத்தில் பக்கத்தில் கன்று முளைக்க வாய்ப்புண்டு.

மாவுப்பூச்சி இலையிடுக்கிலும் பூக்காம்பிலும் ஒளியும். காது குடையும் பஞ்சுக்குச்சியை 70 சதவீத ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தெடுங்கள், வாரம் ஒருமுறை மூன்று வாரம். முட்டையிலிருந்து புதியவை வந்துகொண்டே இருக்கும் என்பதால் ஒருமுறை துடைத்தால் தீராது. அவற்றைச் சுமந்துவருவது எறும்பு. மேசைக்கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். கச்சானில் இலையடியில் நுண்புள்ளிகளும் வெள்ளிப் பூச்சும் தெரிந்தால் செஞ்சிலந்தி. காலையில் இலையின் அடிப்பக்கத்தை மழைநீரால் பீய்ச்சிக் கழுவி, குருத்தை உலர்த்துங்கள். வேப்பெண்ணெயை நம் வெயிலில் தெளித்தால் இலை வெந்துபோகும்.

புயல் எச்சரிக்கை வந்தால் நிழல்வலையை முதலில் அவிழ்த்துவிடுங்கள். அது பாய்போல் காற்றைப் பிடித்துக் கம்பத்தோடு செடிமேல் சாயும். தொட்டிகளை வீட்டுக்குள் கொண்டுபோங்கள். சாரல் பட்டுவிட்டால் அன்றே மழைநீரால் இலையையும் கலவையையும் கழுவுங்கள்.

பூ

ஒவ்வொரு கன்றும், அதாவது செடியின் ஒவ்வொரு இலைக்கொத்தும், ஒரு முறைதான் பூக்கும். முதிர்ந்த கன்றின் நடுவில் தட்டையான உறை ஒன்று தெரிந்தால் மொட்டு வருகிறது. தை, மாசியில் இரவு சற்றே குளிரும்போது நீரைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு உரத்தை நிறுத்தினால் மொட்டு வைக்க உதவும். உறை தெரிந்த பிறகு தொட்டியைத் திருப்பாதீர்கள். காம்பு வெளிச்சத்தைப் பார்த்து வளையும், திசை மாறினால் பூ கோணிக்கொண்டு நிற்கும். மொட்டு மஞ்சளாகி உதிர்ந்தால் மூன்று காரணத்தைத் தேடுங்கள்: தொட்டி ஒருநாள் முழுக்கக் காய்ந்தது, கச்சான் நேராக அடித்தது, உறைக்குள் நீர் நின்றது.

பூ 6 முதல் 8 செ.மீ. அகலம், பால்வெள்ளை, நடுவைச் சுற்றி ஊதாப் பொடிப்புள்ளி. மூன்று நான்கு வாரம் நிற்கும், உச்ச வெயிலில் அதைவிடக் குறையும். வாடியதும் காம்பை அடியில் வெட்டுங்கள். பூத்த கன்றின் இலைகளை வெட்டக் கூடாது. பக்கத்தில் வரும் புதுக்கன்றுக்கு அவைதான் உணவு தருகின்றன, தாமாகப் பழுத்து உதிரும்வரை விடுங்கள். செடியைப் பிரிக்க நினைத்தால் ஒவ்வொரு பங்கிலும் குறைந்தது மூன்று கன்றும் சொந்த வேரும் இருக்க வேண்டும். ஒற்றைக் கன்றாகப் பிரித்தவை பூக்க இரண்டு மூன்று வருடம்கூட எடுத்துக்கொள்ளும், பல அதற்குமுன் அழுகிவிடும்.